மால்கம் எக்ஸ், முஹம்மது அலி, வாரிஸுத்தீன்: அமெரிக்கக் கறுப்பின மக்கள் இஸ்லாத்தை வந்தடைந்த பாதை (1945–1975)

"மால்கம் எக்ஸ் சிறையில் இருந்தபோது இஸ்லாத்தை ஏற்றார்." "குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலி 1964இல் இஸ்லாத்தைத் தழுவினார்." நம் மேடைகளிலும் வாட்ஸ்அப் பதிவுகளிலும் அடிக்கடி கேட்கும் செய்திகள் இவை. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது.

இருவரும் முதலில் சேர்ந்தது 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' என்ற அமைப்பில். அதன் கொள்கையை நம் ஊர் மக்தபில் ஓதும் பத்து வயதுப் பிள்ளையிடம் சொன்னால்கூட, "இது இஸ்லாம் இல்லையே" என்று சொல்லிவிடும். அப்படிப்பட்ட ஓர் அமைப்பில் இருந்த பெருந்திரளான மக்கள், கடைசியில் உலக முஸ்லிம்கள் நிற்கும் அதே ஸஃப்பில் வந்து நின்றார்கள். அது எப்படி நடந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவின் 30 ஆண்டு வரலாறே நம் முன் விரிகிறது. அதை வரிசையாகப் பார்ப்போம்.

போர் முடிந்தது, நிறவெறி முடியவில்லை

இரண்டாம் உலகப் போரில் சுமார் 12 இலட்சம் கறுப்பின அமெரிக்கர்கள் இராணுவச் சீருடை அணிந்தார்கள். ஹிட்லரின் இனவெறியை எதிர்த்துப் போரிடச் சென்ற அவர்களைத் தனிப் படைப்பிரிவுகளில் பிரித்தே வைத்திருந்தது அமெரிக்கா.

ஊர் திரும்பியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு ஐசக் வுட்டர்டு ஓர் உதாரணம். 1946 பிப்ரவரியில், இராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட சில மணி நேரத்திலேயே, சீருடையுடன் பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் ஓட்டுநருடன் ஏற்பட்ட வாக்குவாதத்தால் தென் கரோலினா மாநிலத்தின் ஒரு சிற்றூரில் இறக்கிவிடப்பட்டார். அந்த ஊர்க் காவல்துறைத் தலைவர் தடியால் தாக்கியதில் இரு கண்களின் பார்வையும் போய்விட்டது. வழக்கு நடந்தது. முழுக்க வெள்ளையர்களைக் கொண்ட நடுவர் குழு, தாக்கியவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. இந்தச் செய்தியால் அதிர்ந்த ஜனாதிபதி ட்ரூமன், 1948 ஜூலை 26 அன்று இராணுவத்தில் நிறப் பாகுபாட்டை ஒழிக்கும் ஆணையில் கையெழுத்திட்டார்.

போர் வீரர்களுக்கு வீடு வாங்கக் கடன், கல்லூரிப் படிப்புக்கு உதவி என்று 1944இலேயே சட்டம் வந்திருந்தது. வெள்ளையர் குடும்பங்கள் இலட்சக்கணக்கில் நடுத்தர வர்க்கமாக உயர்ந்தது அந்தச் சட்டத்தால்தான். ஆனால் 1947இல் மிசிசிப்பி மாநிலத்தில் இந்தத் திட்டத்தின் கீழ் உத்தரவாதம் தரப்பட்ட 3,200க்கும் அதிகமான கடன்களில், கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. நியூயார்க் அருகே புதிதாக எழுந்த லெவிட்டவுன் போன்ற குடியிருப்புகளின் ஒப்பந்தத்திலேயே வெள்ளையர் அல்லாதோர் குடியிருக்கக் கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள்.

தென் மாநிலங்களில் பள்ளிக்கூடம், பேருந்து இருக்கை, தண்ணீர்க் குழாய் எல்லாமே இரண்டு வகை. வாக்குரிமை ஏட்டில் மட்டும். வட மாநில நகரங்களில் இப்படிச் சட்டம் இல்லை; ஆனால் வேலை, வீடு, காவல்துறை என எங்கு திரும்பினாலும் நிறம்தான் தீர்மானித்தது. இந்த வட மாநிலச் சேரிகளில்தான் நேஷன் ஆஃப் இஸ்லாம் வளர்ந்தது.

உரிமைப் போராட்டத்தின் இரு கிளைகள்

ஒரு கிளை தேவாலயங்களிலிருந்து புறப்பட்டது. 1954 மே 17 அன்று, பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1955 டிசம்பர் 1 அன்று மான்ட்கோமரி நகரில் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் கைது செய்யப்பட்டார். அதைத் தொடர்ந்து கறுப்பின மக்கள் 381 நாள்கள் பேருந்தைப் புறக்கணித்தார்கள். அந்தப் போராட்டத்தில் தலைமையேற்ற இளம் போதகர்தான் மார்ட்டின் லூதர் கிங்.

கிங் 1959இல் இந்தியா வந்தார். கன்னியாகுமரி வரை பயணம் செய்தார். திருவனந்தபுரத்தில், தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளி ஒன்றில் அவரைத் தலைமை ஆசிரியர் அறிமுகப்படுத்தியபோது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர் என்று குறிப்பிட்டார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தபோது, ஆம், நானும் என் நாட்டில் அப்படித்தானே வைக்கப்பட்டிருக்கிறேன் என்று உணர்ந்ததாகப் பின்னாளில் ஓர் உரையில் அவரே சொன்னார். அமெரிக்க நிறவெறி எத்தகையது என்பதை நம் மக்களுக்குப் புரியவைக்க இதைவிட நெருக்கமான சம்பவம் இல்லை.

மற்றொரு கிளை, வெள்ளையரோடு சேர்ந்து வாழ்வதே வேண்டாம், நமக்கென்று தனி அடையாளம் வேண்டும் என்றது. அதன் உரத்த குரலாக எழுந்ததுதான் நேஷன் ஆஃப் இஸ்லாம்.

பெயர் இஸ்லாம், கொள்கை வேறு

அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு இஸ்லாம் புதிதல்ல. அடிமைக் கப்பல்களில் ஏற்றி வரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் கணிசமானோர் முஸ்லிம்கள். இன்றைய செனகல் பகுதியில் பிறந்து மார்க்கக் கல்வி கற்ற உமர் இப்னு ஸயீத், வட கரோலினாவில் அடிமையாக இருந்தபோது 1831இல் தன் வாழ்க்கைக் குறிப்பை அரபியிலேயே எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. ஆனால் பெயரும் மொழியும் குடும்பமும் பறிக்கப்பட்ட நிலையில் பேரப்பிள்ளைகளுக்கு ஈமானைக் கடத்த முடியவில்லை. 'நம் முன்னோர்கள் முஸ்லிம்கள்' என்ற மங்கலான நினைவு மட்டுமே எஞ்சியது.

1930இல் டெட்ராய்ட் நகரில் ஃபர்து முஹம்மத் என்பவர் இந்த நினைவைத் தொட்டுப் பேசினார். 1934இல் அவர் காணாமல் போனார். பிறகு தலைமைக்கு வந்த எலிஜா முஹம்மத், சுமார் 40 ஆண்டுகள் அமைப்பை நடத்தினார். ஃபர்து மனித உருவில் வந்த இறைவன், எலிஜா அவருடைய தூதர், வெள்ளையர்கள் பிறப்பிலேயே ஷைத்தான்கள் என்பதெல்லாம் இவர்களின் போதனை. நோன்பு டிசம்பர் மாதத்தில். கூடும் இடத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து சொற்பொழிவு கேட்பதே வழிபாடு.

இதில் தவ்ஹீதும் இல்லை. நபி (ஸல்) அவர்களோடு நபித்துவம் நிறைவுற்றது என்ற நம்பிக்கையும் இல்லை. பிறகு ஏன் மக்கள் திரண்டார்கள்? பன்றி இறைச்சி, மது, சூதாட்டம், போதை எல்லாவற்றையும் விடச் சொன்னது இந்த அமைப்பு. வேலைக்குப் போ, குடும்பத்தைக் காப்பாற்று, சுத்தமாக உடுத்து, சொந்தக் கடை நடத்து என்றது. சிறைக் கதவு வரை சென்று கைதிகளுக்குக் கடிதம் எழுதியது. அடிமைப்படுத்தியவன் வைத்த குடும்பப் பெயரை எடுத்துவிட்டு, அறியப்படாத ஆப்பிரிக்கப் பெயருக்கு அடையாளமாக 'எக்ஸ்' என்று போட்டுக்கொள்ளச் சொன்னது. சமூகத்தால் குப்பையாகக் கருதப்பட்டவனுக்கு, "நீ மனிதன்" என்று சொல்ல அங்கே வேறு ஆள் இல்லை.

மால்கம்: சிறையிலிருந்து மக்காவுக்கு

1925 மே 19 அன்று ஒமாஹா நகரில் பிறந்தவர் மால்கம் லிட்டில். ஆறு வயதில் தந்தையை இழந்தார். வறுமையிலும் அதிகாரிகளின் நெருக்கடியிலும் மனம் சிதைந்த தாய், மனநல விடுதிக்கு அனுப்பப்பட்டார். பிள்ளைகள் சிதறினார்கள். இளமையிலேயே தவறான வழியில் போன மால்கம், திருட்டு வழக்கில் 1946இல் சிறை சென்றபோது அவருக்கு 20 வயது.

சிறையில் உடன்பிறந்தவர்களின் கடிதங்கள் வழியாக எலிஜாவின் போதனை வந்து சேர்ந்தது. பதில் கடிதம் எழுதக்கூட மொழி கைகொடுக்காத நிலையில், அகராதியை முதல் பக்கத்திலிருந்து கையால் பெயர்த்து எழுதத் தொடங்கினார். சிறை நூலகத்தை வாசித்துத் தள்ளினார். 1952இல் வெளியே வந்தவர், சில ஆண்டுகளிலேயே நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் அமைப்பின் முதன்மைப் பேச்சாளர் ஆனார். 1957இல் காவல்துறையினர் அடித்து அடைத்து வைத்திருந்த ஓர் உறுப்பினருக்கு மருத்துவ உதவி கேட்டு, காவல் நிலையத்தின் முன்னால் அணியணியாக ஆள்களை நிறுத்தினார். கோரிக்கை நிறைவேறியதும் அவர் கைச்சைகை ஒன்றைக் காட்ட, கூட்டம் சத்தமின்றிக் கலைந்தது. நாடே அவரைத் திரும்பிப் பார்த்தது.

ஆனால் எலிஜாவின் தனிப்பட்ட ஒழுக்கம் குறித்து அவருக்குத் தெரியவந்த செய்திகள் அவரை உலுக்கின. எலிஜாவின் மகன் வாலஸே அவற்றை உறுதிப்படுத்தினார். 1964 மார்ச் 8 அன்று மால்கம் அமைப்பிலிருந்து வெளியேறினார். அடுத்த மாதமே ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்.

அவருடைய ஹஜ் பயணத்தில் நாம் அதிகம் பேசாத ஒரு பகுதி இருக்கிறது. ஜித்தா விமான நிலையத்தில் அதிகாரிகள் அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, முஸ்லிம்தானா என்று விசாரிப்பதற்காகக் காக்க வைத்தார்கள். அங்கே தங்கியிருந்தபோதுதான், தனக்குத் தொழவே தெரியாது என்பதை மால்கம் முழுமையாக உணர்ந்தார். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக முஸ்லிம் போதகர் என்று அழைக்கப்பட்டவருக்கு ருகூவும் ஸஜ்தாவும் பழக்கமில்லை; அத்தஹிய்யாத் இருப்பில் அமர முயன்று கால் வலித்தது. உடன் இருந்தவர்கள் சிரிக்கவில்லை; சொல்லிக் கொடுத்தார்கள். அவரிடம் இருந்த தொலைபேசி எண்ணில் பேசியதும், அரபு லீக்கின் முதல் பொதுச் செயலாளர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸாமின் மகன் நேரில் வந்து அழைத்துச் சென்றார். அஸ்ஸாம் தம் அறையையே இவருக்கு விட்டுக் கொடுத்தார். வெள்ளை நிறம் கொண்ட ஒருவர் தன்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்காமல் இப்படி நடந்துகொண்டது, மால்கமின் உள்ளத்தில் இருந்த சுவரை இடித்தது.

பிறகு இஹ்ராம், தவாஃப், அரஃபா. எல்லா நிறத்தவரும் ஒரே தட்டில் உண்டு, ஒரே வானத்தின் கீழ் உறங்கினார்கள். திருக்குர்ஆன் 49:13 வசனம் சொல்லும் சமத்துவத்தை அவர் கண்ணால் கண்டார். 'வெள்ளையன் பிறவி ஷைத்தான்' என்று ஆயிரம் மேடைகளில் முழங்கியவர், தாம் சொன்னது தவறு என்று கடிதம் எழுதி உலகுக்கு அறிவித்தார். அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ் என்ற பெயரோடு நாடு திரும்பினார். நிறவெறிக்கு எதிரான அவரது போராட்டம் தளரவில்லை. அதன் அடித்தளம் மட்டும் மாறியது.

அதன் பிறகு அவருக்குக் கிடைத்தது பத்தே மாதங்கள். 1965 பிப்ரவரி 14 அன்று, மனைவியும் மகள்களும் உறங்கிக்கொண்டிருந்த அவர் வீட்டின் மீது எரிகுண்டு வீசப்பட்டது. ஒரு வாரம் கழித்து பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கில் உரையாற்ற எழுந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39. மனைவி பெட்டி ஷபாஸ் அப்போது இரட்டைப் பெண் குழந்தைகளைச் சுமந்திருந்தார்.

குர்ஆன் கேட்ட கைதிகள்

இதே காலத்தில் சிறைகளுக்குள் நடந்த ஒரு போராட்டத்தை நம்மில் பலர் அறியமாட்டோம். கிறிஸ்தவ, யூதக் கைதிகளுக்கு வேதமும் போதகரும் அனுமதிக்கப்பட்டபோது, முஸ்லிம்கள் என்று சொன்ன கறுப்பினக் கைதிகளுக்குக் குர்ஆன் மறுக்கப்பட்டது. கேட்டவர்கள் தனிமைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

இல்லினாய் மாநிலச் சிறையில் இருந்த தாமஸ் கூப்பர் என்ற கைதி நீதிமன்றம் போனார். கீழ் நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. 1964 ஜூனில் உச்ச நீதிமன்றம், அவருடைய புகாரை விசாரித்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அரசியல் சட்ட உரிமை மறுக்கப்படும் கைதி, மாநில அதிகாரிகள் மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம் என்ற கதவு இப்படித்தான் திறந்தது. உணவு, மருத்துவம், சித்திரவதை என எல்லா மதத்துக் கைதிகளும் அடுத்த ஆண்டுகளில் தொடுத்த எத்தனையோ வழக்குகளுக்கு இதுவே வழியானது. குர்ஆன் கேட்டுப் போராடியவர் பெற்ற நன்மை எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

முஹம்மது அலி: பட்டம் போனாலும் பரவாயில்லை

1942இல் லூயிவில் நகரில் பிறந்த காஷியஸ் கிளே, 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். 1964 பிப்ரவரி 25 அன்று சோனி லிஸ்டனை வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனார். அடுத்த நாள்களில், தாம் நேஷன் ஆஃப் இஸ்லாமைச் சேர்ந்தவர் என்று அறிவித்தார். முஹம்மது அலி என்ற பெயரை எலிஜா சூட்டினார்.

அவரை அந்த அமைப்புக்கு நெருக்கமாக்கியவர்களில் முக்கியமானவர் மால்கம். மால்கம் பிரிந்தபோது அலி எலிஜாவின் பக்கம் நின்றார். அதே 1964இல் கானா நாட்டில் இருவரும் எதிரெதிரே வந்தபோது முகம் திருப்பிக்கொண்டு போனார். தம் வாழ்க்கையில் பெரிதும் வருந்தும் தவறுகளில் ஒன்றாகப் பின்னாளில் தம் நூலில் அதை எழுதினார்.

வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம். 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டன் நகரில் இராணுவத்தில் சேர்க்கும் சடங்கு. பெயர் சொல்லி அழைத்ததும் ஓர் அடி முன்னே வர வேண்டும். அலி நகரவில்லை. மார்க்க நம்பிக்கையின் பேரில் இந்தப் போரில் பங்கெடுக்க முடியாது என்றார். பட்டம் பறிக்கப்பட்டது, குத்துச்சண்டை உரிமங்கள் இரத்தாயின. ஜூன் 20 அன்று 5 ஆண்டு சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீடு நிலுவையில் இருந்ததால் பிணையில் வெளியே இருந்தார். பாஸ்போர்ட் முடக்கப்பட்டதால் வெளிநாட்டிலும் விளையாட முடியவில்லை. 25 வயதிலிருந்து 28 வயது வரை, ஒரு வீரனின் உடல் உச்சத்தில் இருக்கும் சுமார் மூன்றரை ஆண்டுகள், வளையத்துக்கு வெளியே கழிந்தன. அந்தக் காலத்தில் கல்லூரிகளில் உரையாற்றிப் பிழைத்தார்.

சட்ட வரலாற்றில் இந்த வழக்கு முக்கியமானது. மனசாட்சி அடிப்படையில் போரை மறுப்பவர் மூன்றை நிரூபிக்க வேண்டும்: எல்லாப் போரையும் எதிர்க்கிறார், அந்த எதிர்ப்பு மார்க்கப் பயிற்சியில் வேரூன்றியது, அவர் உண்மையாகவே சொல்கிறார். அலியை விசாரித்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், இவர் உண்மையாகவே சொல்கிறார் என்று 1966லேயே அறிக்கை தந்திருந்தார். நீதித்துறை அமைச்சகமோ மூன்றிலும் அலி தோற்றதாக மேல்முறையீட்டு வாரியத்துக்கு எழுதியது. வாரியம் காரணமே சொல்லாமல் மறுத்தது.

உச்ச நீதிமன்றத்துக்கு வழக்கு வந்தபோது, அவருடைய நம்பிக்கை மார்க்கம் சார்ந்தது என்பதையும் அவர் உண்மையானவர் என்பதையும் அரசே ஒப்புக்கொண்டது. நீதிபதிகள் முதலில் 5-3 என்ற கணக்கில் அலிக்கு எதிராகவே இருந்தார்கள். நீதிபதி ஹார்லன், உதவியாளர் தந்த நூல்களைப் படித்து மனம் மாறினார். வாரியம் எந்தக் காரணத்துக்காக மறுத்தது என்று தெரியாத நிலையில் தண்டனை நிற்காது என்று, 1971 ஜூன் 28 அன்று 8-0 என ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. ஒன்பதாவது நீதிபதி தர்குட் மார்ஷல், முன்பு அரசு வழக்கறிஞராக இருந்த காரணத்தால் ஒதுங்கிக்கொண்டார். 1954 பள்ளி வழக்கில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக வாதாடி வென்றவர் அவர்தான்.

1974இல் கின்ஷாசா நகரில் ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்தி, பறிபோன பட்டத்தை வளையத்திலேயே மீட்டார் அலி.

அரசின் கண்கள்

இந்த 30 ஆண்டுகளில் கறுப்பினத் தலைவர்கள் அனைவரையும் எஃப்.பி.ஐ. கண்காணித்தது. எலிஜாவின் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்பட்டது. கிங்கின் தொலைபேசியும் விடுதி அறைகளும்கூட. அமைப்புகளுக்குள் ஆள்களை நுழைத்து, சந்தேகத்தை விதைத்து, ஒருவரோடு ஒருவரை மோதவிடுவது எழுத்தில் வகுக்கப்பட்ட திட்டமாகவே நடந்தது. மால்கம் சுடப்பட்டபோது ஓடிவந்து அவருக்கு மூச்சு கொடுக்க முயன்ற மெய்க்காவலர், நியூயார்க் காவல்துறை அனுப்பிய இரகசியக் காவலர்.

1971 மார்ச் 8 இரவு, அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதிய ஆட்டத்தில் நாடே மூழ்கியிருந்தது. அந்த இரவைத் தேர்ந்தெடுத்து, பென்சில்வேனியாவின் மீடியா என்ற சிற்றூரில் இருந்த எஃப்.பி.ஐ. அலுவலகத்தின் பூட்டை உடைத்த சில குடிமக்கள், கோப்புகளை அள்ளிச் சென்று பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகே இந்த இரகசியத் திட்டம் வெளிச்சத்துக்கு வந்தது.

மால்கம் கொலையில் தண்டிக்கப்பட்ட மூவரில் இருவர் நிரபராதிகள் என்று 2021 நவம்பரில் நீதிமன்றம் அறிவித்தது. அவர்களுக்குச் சாதகமான சான்றுகளை எஃப்.பி.ஐ.யும் காவல்துறையும் மறைத்தது தெரியவந்தது. இருவரும் தலா இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் இருந்தவர்கள். ஒருவர், தம் பெயர் துடைக்கப்படுவதைக் காணாமலே 2009இல் மரணித்திருந்தார்.

கதவு திறந்த 1965

மால்கம் கொல்லப்பட்ட அதே 1965இல் இரு சட்டங்கள் வந்தன. ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம். அக்டோபர் 3 அன்று குடியேற்றச் சட்டம். அதுவரை இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு நூறு பேர் அளவில்தான் குடியேற முடியும். பிறந்த நாட்டைப் பார்த்து ஒதுக்கும் அந்த முறையைப் புதிய சட்டம் ஒழித்தது. இன்று அமெரிக்காவில் வாழும் நம் உறவினர்களான மருத்துவர்கள், பொறியாளர்கள், அவர்கள் கட்டிய பள்ளிவாசல்கள் எல்லாம் இந்தக் கதவு வழியாக வந்தவை. கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறைபட்டு, உயிர் கொடுத்து உருவாக்கிய உரிமைக் காலத்தின் விளைச்சல் அது. இதை அங்குள்ள நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோமா?

1975: ஒரு மகன் செய்த திருத்தம்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். எலிஜாவின் மகன் வாலஸ், 1933இல் பிறந்தவர். இராணுவ அழைப்பை மறுத்ததற்காக 1961 முதல் மினசோட்டாவில் சிறையில் இருந்தபோது குர்ஆனை ஆழ்ந்து படித்தார். அரபி ஏற்கெனவே கற்றிருந்தார். தந்தையின் போதனையும் குர்ஆனும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது தெளிவானது. அதை வெளிப்படையாகச் சொன்னதால் அமைப்பிலிருந்து பலமுறை நீக்கப்பட்டார்.

1975 பிப்ரவரி 25 அன்று எலிஜா மரணித்தார். மறுநாள் சிகாகோவில் கூடிய பெருந்திரள் முன்னிலையில் வாலஸ் தலைவராக அறிவிக்கப்பட்டார். அவர் செய்த திருத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஃபர்து இறைவன் அல்லர் என்றார். வெள்ளையர்களுக்கும் கதவைத் திறந்தார். நாற்காலிகளை எடுத்துவிட்டுத் தரையில் விரிப்பு விரித்தார். ஐவேளைத் தொழுகை கற்பிக்கப்பட்டது. நோன்பு ரமளானுக்கு மாறியது. கோயில் என்று அழைக்கப்பட்டவை மஸ்ஜித் ஆயின. சீருடைக் காவல்படை கலைக்கப்பட்டது. ஹார்லம் பள்ளிவாசலுக்கு மாலிக் ஷபாஸின் பெயர் சூட்டப்பட்டது. பத்தாண்டுகளுக்கு முன் துரோகி என்று அங்கே தூற்றப்பட்டவர் அவர்.

கறுப்பின அமெரிக்கர்களை 'பிலாலியர்' என்று அழைத்தார் வாலஸ். அமைப்பின் பத்திரிகைக்கும் பிலால் (ரலி) அவர்களின் பெயரையே வைத்தார். அடிமைத்தனத்தின் சூடு பட்டும் 'அஹத், அஹத்' என்று சொன்ன ஸஹாபியைவிட அந்த மக்களுக்குப் பொருத்தமான முன்மாதிரி வேறு யார்? தம் பெயரையும் வாரிஸுத்தீன் முஹம்மத் என்று மாற்றிக்கொண்டார்.

நாற்பது ஆண்டுகள் ஊறிய கொள்கையை ஒரே வெட்டில் வெட்டி, கேட்டவர்களை அவமானப்படுத்தி அவர் இதைச் செய்யவில்லை. தந்தை கற்பித்த சுய உழைப்பையும் ஒழுக்கத்தையும் மதித்துப் பேசினார். அகீதாவில் மட்டும் சமரசம் செய்யவில்லை. பெரும்பாலோர் அவரைப் பின்தொடர்ந்து வந்தார்கள். முஹம்மது அலியும் அவர்களில் ஒருவர். அலியின் இஸ்லாமிய வாழ்வின் உண்மையான திருப்பம் 1975தான். மாற்றத்தை ஏற்காத லூயிஸ் ஃபராகான் சில ஆண்டுகளில் பிரிந்து, பழைய அமைப்பை மீண்டும் தொடங்கினார். அது இன்றும் இருக்கிறது. ஆனால் 2017இல் பியூ ஆய்வு நிறுவனம் எடுத்த கணக்கெடுப்பில் அமெரிக்க முஸ்லிம்களில் ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வந்ததன் பின்னால், வாரிஸுத்தீன் செய்த திருத்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

1992 பிப்ரவரியில் அமெரிக்க செனட் சபையை துஆவுடன் தொடங்கி வைத்த முதல் முஸ்லிம் அவர். 2008 செப்டம்பர் 9 அன்று மரணித்தார். மால்கமையும் அலியையும் அறிந்த நம் வீடுகளில் அவருடைய பெயர் அநேகமாகத் தெரியாது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

முதலாவது, வரலாற்றைச் சரியாகச் சொல்வோம். மால்கம் 1964இல் ஹஜ்ஜின் வழியாகவும், அலி 1975க்குப் பிறகும் தூய இஸ்லாத்துக்கு வந்தார்கள் என்று சொல்வதால் அவர்களின் மதிப்பு குறையாது. தவறு என்று தெரிந்ததும் திரும்புவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது அப்போதுதான் நம் பிள்ளைகளுக்குப் புரியும்.

இரண்டாவது, பசித்தவன் கிடைத்ததை உண்கிறான். மானத்துக்காகப் பசித்திருந்த மக்கள் கலப்படமானதை உண்டார்கள். அசலை வைத்திருந்த முஸ்லிம் உலகம் அவர்கள் கதவைத் தட்ட வெகு தாமதமாகவே போனது. நம் தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் இன்று அப்படி யாரும் இல்லை என்று நம்மால் சொல்ல முடியுமா?

மூன்றாவது, ஜித்தாவில் மால்கமுக்குத் தொழச் சொல்லிக் கொடுத்தவர்களின் பெயர்களை வரலாறு பதிவு செய்யவில்லை. "இத்தனை வருடம் முஸ்லிம் என்றாயே, அத்தஹிய்யாத் இருப்பு தெரியாதா?" என்று அவர்களில் ஒருவர் ஏளனம் செய்திருந்தால் என்னவாகியிருக்கும்? நம் பள்ளிவாசலுக்குப் புதிதாக வருபவர் ஸஃப்பில் தடுமாறும்போது, அவர் தோளைத் தொட்டு மெதுவாகச் சொல்லிக் கொடுக்கும் ஒருவர் அங்கே இருக்கட்டும். அந்த ஒருவராக நம்மை ஆக்கிட வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.